முட்டிப் பட்டை

சோப்பக்கா என்ற பெயர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அந்த முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்கு வரும் எந்தப் பெண்ணையும் முதல் நாளே கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மோந்து பார்ப்பாள். வாசனை அடித்தால் தொலைந்தது.

"சென்ட்டு, கிரீமெல்லாம் கல்யாணத்துக்குப் போறப்ப போட்டுக்கோ. இங்க சோப்பு, தண்ணி, அவ்ளோதான். மூச்சு வாங்குறவங்க பக்கத்துல போய் நீ பூக்கடை மாதிரி நின்னா, அவங்க எங்க போய் மூச்சு விடுவாங்க?"

ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிறவள் அல்ல. அவளும் அப்படித்தான் இருந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்து வருஷக்கணக்காகக் கிடந்தபோது, முதுகில் ஒரு புண்கூட வராமல் பார்த்துக்கொண்ட மருமகள். அதைப் பார்த்த ஒரு நர்ஸ், "இதையே சம்பளத்துக்குச் செய்யேன்" என்று பயிற்சிக்குச் சேர்த்துவிட்டாள். மாமியார் போனார், புருஷனும் போனான். வேலை மட்டும் நின்றது. இப்போது மகன் வீட்டின் முன்னறையில் ஒரு சோபா, இல்லத்தில் பூட்டுப் போட்ட ஓர் அலமாரி. இரண்டும்தான் அவளுடைய இடங்கள்.

வேலையில் அவளுக்கு இரண்டு வேதவாக்குகள் உண்டு. ஒன்று, எந்தப் புது மருந்தானாலும் முதலில் முன்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து, மறுநாள் வரை பொறு. இன்னொன்று, வாய் பொய் சொல்லும், தோல் சொல்லாது. அதனால்தான் அங்கே சாயங்காலம் ஆள் மாறும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வேலை முடிகிறவர்களும் தொடங்குகிறவர்களும் அறைகளுக்கு நடுவிலுள்ள நடையில் கூடி நிற்பார்கள். ஒவ்வொரு அறையாக, தலையிலிருந்து குதிகால் வரை, யார் தோல் எப்படி என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் அறை, இடது குதிகால் சிவப்பு, காரணம், போர்வை மடிப்பு. காரணம் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் மதியம் கால் கடுத்தது. ஏப்ரனைத் துவைக்கப் போட்டுவிட்டு, மாற்று ஏப்ரன் வரும்வரை நடையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். யாரோ குனிந்து தோளைத் தொட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெரியவரின் மகன். முடிக்கு மை பூசியவர். அவளை விட நாலைந்து வயது இளையவராக இருந்தால் அதிகம்.

"பாட்டி, எந்த ரூம்மா உங்களுக்கு? வாங்க, மெதுவா எந்திரிங்க. நான் கொண்டு விடுறேன்."

நான் இங்கே வேலை பார்க்கிறவள் என்று சொல்ல வாய் திறந்தாள். வரவில்லை. அந்த மனிதர் முழங்கைக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கிய விதம், அவள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே விதம். தப்பே இல்லை. வெட்கத்தில், வாயில் வந்த எண்ணாக, "ஏழு" என்றுவிட்டாள். ஏழாம் அறைவரை அவர் பிடித்துக்கொண்டு நடந்தார். அவளும் கூடவே மெதுவாக நடந்தாள். "நல்லா இருங்க பாட்டி" என்று அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனபின், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அறையின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட், பேப்பரைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். "என்னம்மா, இங்கயே அட்மிஷன் போட்டுட்டியா? ஜன்னல் பக்கம் எனக்கு, சொல்லிட்டேன்."

அவள் சிரித்தாள். குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. ஊரார் தோலையெல்லாம் வெளிச்சம் வைத்துப் பார்த்தவள், தன் தோலை இத்தனை காலம் பார்க்கவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முகமே தெரியாமல் போயிருந்தது.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய சருமத்துக்கு மாதம் ஒரு அழகுப் பெட்டி, வீடு தேடி வரும். எத்தனை முறை தள்ளினாலும் பின்னாலேயே வந்தது. கடைசியில் விரல் பட்டது. பட்டதா, பட வைத்தாளா என்பது அவளுக்கும் அந்தப் போனுக்கும்தான் தெரியும். அரை வருஷத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டியும் ஆகிவிட்டது. முகவரி கேட்டபோது இல்லத்து முகவரியைக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தால் மருமகள் சும்மா இருக்க மாட்டாள். "அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கணுமா?" என்று தெருவையே கூட்டிவிடுகிற வாய் அது.

இல்லத்தில் பார்சல் எல்லாம் பின்வாசலுக்குத்தான் வரும். பின்வாசலை ஒட்டி லாண்டரி. அங்கே லாண்டரிக்காரி. சோப்பக்காவும் அவளும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். பிளீச்சில் வெந்து வெந்து லாண்டரிக்காரியின் விரல்கள் கோடைக்கால ஏரி மாதிரி வெடித்திருக்கும். வாயும் அப்படித்தான், ஈரமே இருக்காது.

"ஏய் சோப்பு! உனக்கு பார்சல். ஊதாக் கலர்ல வந்திருக்கு. என்னடி, யாரு அனுப்பினா?"

"முட்டிக்குப் போடுற பட்டை."

"முட்டி வலிக்குதா? சொல்லவே இல்ல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் லாண்டரிக்காரி நம்பிவிட்டாள். அன்று முதல் மாடிக்குப் போகவேண்டிய விரிப்புக் கட்டுகளைச் சோப்பக்காவைத் தூக்க விடவில்லை. "முட்டியை வச்சுக்கிட்டு படியேறாத" என்று தானே இடுப்பில் வைத்து ஏறினாள். சோப்பக்கா ஞாபகம் வைத்துக்கொண்டு கொஞ்சம் நொண்டவும் வேண்டியிருந்தது.

பெட்டிக்குள் கட்டை விரல் உயரத்தில் ஐந்து குப்பிகள், மெல்லிய காகிதம், புண்ணுக்குப் போடுகிற ஈரத்துணி மாதிரி முகத்துக்கு ஒரு துணி, 'இது உனக்கான நேரம், தோழி' என்று ஓர் அட்டை. தோழியாமே! அலமாரியில் மாற்று ஏப்ரனுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, சில நாள் மோந்து மட்டும் பார்த்தாள். பிறகு விடுமுறை நாளொன்றில் மகன் வீட்டார் மொத்தமும் ஒரு விசேஷத்துக்குக் கிளம்ப, தலைவலி என்று தங்கிவிட்டாள்.

இனி அவள் செய்ததை அவளைப் போன்றவள்தான் செய்ய முடியும். வேறொருத்தி பெட்டியில் உள்ள சீட்டைப் படித்திருப்பாள், அல்லது பயந்து ஒரு துளி தொட்டிருப்பாள். சோப்பக்கா ஆயுள் முழுக்க மருந்து பூசிய கை. பூசுவது என்றால் அவளுக்கு ஒரே முறைதான். தடிமனாகப் பூசு, மூடிக் கட்டு, அப்படியே விடு. முகத்தில் ஒரு குப்பியைத் தடவினாள், கண் எரிந்ததால் கழுவினாள். ஆனால் வயசை முகத்தை விடக் கைதான் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். பழைய தோலை உதிர்க்கும் திரவத்தை இரண்டு கையிலும் விரல் இடுக்குவரை ஊற்றித் தேய்த்து, மேலே பருத்திக் கையுறை போட்டு, மணிக்கட்டில் பட்டைத்துணி சுற்றி, சோபாவில் சாய்ந்தாள். பத்து நிமிஷத்தில் கழுவ வேண்டும் என்று குப்பியில் எறும்பெழுத்தில் இருந்தது. மூக்குக்கண்ணாடி பையில் இருந்தது. முன்கையில் பொட்டு வைத்துப் பார்க்கும் வேதவாக்கு எங்கே இருந்தது என்று கேட்கக்கூடாது. தூங்கிவிட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து கையுறையைக் கழற்றும்போது கை நெருப்பாக எரிந்தது. மறுநாள் சிவந்தது. அதற்கு மறுநாள் விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் பொடிப் பொடியாகக் கிளம்பி, அரிப்பு தாளவில்லை. வேலையில் ரப்பர் கையுறை போட்டு மறைத்தாள். ரப்பருக்குள் வியர்த்து அது இன்னும் குதியாட்டம் போட்டது.

இல்லத்துப் பொறுப்பாளரான மேட்ரன் அவளை விடப் பதினைந்து வயது இளையவள். மாத்திரைத் தட்டை வாங்கும்போது, நடுவில் சோப்பக்கா கையைச் சுவரில் தேய்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"கையுறையைக் கழட்டுங்கக்கா."

கழற்றினாள். மேட்ரன் தொடவில்லை, குனிந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண்களும் குனிந்தார்கள். சோப்பக்கா பழக்கிய கண்கள் அத்தனையும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, பொடிப்பொடி, அரிப்பு. யாருக்கும் பாடம் மறக்கவில்லை.

"எதனால வந்துச்சு?" என்றாள் மேட்ரன்.

"தெரியல" என்றாள் சோப்பக்கா.

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பதிலாக நிஜத்தைச் சொல்லியிருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது. காரணம் சொல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதவள், காரணத்தை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சிரங்கு என்று முடிவாகிவிட்டது. ஏழாம் அறை டைப்பிஸ்ட் ஐயாவும் நாலு நாளாக முதுகைச் சொறிகிறார் என்று ஒருத்தி நினைவுபடுத்தினாள். அவருக்கு வறண்ட தோல், எப்போதும் சொறிகிறவர். ஆனால் இப்போது அதுவும் சாட்சியானது. டாக்டர் போனிலேயே சொன்னார், நான் வெள்ளிக்கிழமை வருகிறேன், அதுவரை காத்திருக்க வேண்டாம், எல்லாருக்கும் மருந்து பூசுங்கள். ஒருத்தருக்கு வந்தால் ஊருக்கே பூச வேண்டிய வியாதி அது. கழுத்திலிருந்து பாதம்வரை கந்தக மருந்து. இல்லம் முழுக்க அழுகின முட்டை நாற்றம். பார்வையாளர்கள் வரக்கூடாது என்று வாசலில் அட்டை தொங்கியது. விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் கொதிநீருக்குப் போயின.

"யம்மா, என்னைப் பொரிக்கப் போறீங்களா?" என்று டைப்பிஸ்ட் ஐயா கத்தினார். "மசாலா தடவுற மாதிரில தடவுறீங்க!"

சோப்பக்காவை யாரையும் தொடக்கூடாது என்று விரிப்பு அறையில் உட்கார வைத்தார்கள். பஞ்சு உருட்டுகிற வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் லாண்டரி. கொதிகலன் இரையும் சத்தமும், ஈரத்துணியைத் தூக்கிப் போடும்போது லாண்டரிக்காரி விடுகிற மூச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. டாக்டர் வருவார், பார்த்தவுடன் கண்டுபிடிப்பார் என்று பயமாக இருந்தது. அவரும் கண்டுபிடிக்காமல் போய்விட மாட்டாரா என்று ஆசையாகவும் இருந்தது. கையைச் சொறிந்தபடி பஞ்சை உருட்டினாள்.

வியாழக்கிழமை மேட்ரன் லாண்டரிக்குள் வந்து பேசியது சுவர் தாண்டிக் கேட்டது.

"வெளியிலேர்ந்து வந்திருக்க வழியே இல்ல. துணிதான். நல்லாக் கொதிச்சிருந்தா வருமா? நிர்வாகத்துல சொல்லிட்டாங்க, அடுத்த மாசத்துலேர்ந்து துணி வெளிய கம்பெனிக்குப் போகுது. உங்களை அடுப்படியில போட்டுக்கலாம்னு பார்க்கிறேன். காய் நறுக்க ஆள் வேணும்."

வாய்க்கு வாய் பதில் கொடுக்கிற லாண்டரிக்காரி ஈரத்துணியைத் தொட்டியில் தொப்பென்று போட்ட சத்தம்தான் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் விரிப்பு அறைக் கதவு திறந்தது. லாண்டரிக்காரி ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து சோப்பக்காவின் காலடியில் வைத்தாள். வேப்பிலையோ உப்போ எதையோ கொதிக்க வைத்திருந்தாள்.

"கையை இதுல வை. அரிப்பு அடங்கும்."

"கிட்ட வராத. ஒட்டிக்கும்."

"எனக்கு ஒட்டினா ஒட்டட்டும், எல்லாம் என்னால வந்ததுதானே." தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெடித்த விரல்களைப் பார்த்தபடி சொன்னாள், "போன வாரம் ஒரு நாள் இடுப்பு விட்டுப்போச்சுடி. உன் துணிக்கட்டையும் சேர்த்து மாடிக்கு தூக்கினேன்ல, அன்னிக்கு. விரிப்பெல்லாம் பாதி கொதியில எடுத்துட்டேன். ஒரு தடவைதானேன்னு. அந்த ஒரு தடவை உன் கையில வந்து உக்காந்துருச்சு. என்னை மன்னிச்சுக்கோ. சாயங்காலம் எல்லாரும் கூடுறப்ப நானே மேட்ரன்கிட்ட சொல்லிடுறேன். காய் நறுக்கிக்கிறேன், என்ன இப்போ."

சோப்பக்கா கையை வாளிக்குள் விட்டாள். எரிந்தது. எடுக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் அவள் உபகாரத்துக்கு நன்றி சொல்கிற மாதிரி தலையை ஆட்டினாள். இதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் குறுகினாள். சிரங்கு என்று ஊரை நம்ப வைத்ததைவிட, அந்தத் தலையாட்டலை.

"முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு லாண்டரிக்காரி எழுந்து போனாள்.

சாயங்காலம் எல்லாரும் நடையில் கூடினார்கள். சோப்பக்கா தூரத்தில் கதவோரம் நின்றாள். எதிர்க் கதவோரம் லாண்டரிக்காரி, முந்தானையில் கையைத் துடைத்தபடி. ஒருத்தி அறை அறையாகச் சொல்லி முடித்தாள். மேட்ரன் கலையச் சொல்ல வாயெடுத்தாள். லாண்டரிக்காரி ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள் சோப்பக்கா.

எல்லாரும் திரும்பினார்கள். அவளுக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த விதத்திலேயே, தினமும் சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

"ஊழியர். பெண். வயசு அம்பத்தேழு. தலை சரி. முகம், ரெண்டு கன்னமும் லேசா சிவப்பு. முதுகு சரி. ரெண்டு கையும் மணிக்கட்டுலேர்ந்து விரல் இடுக்கு வரைக்கும் சிவப்பு, பொடி, அரிப்பு." மூச்சு வாங்கினாள். "காரணம், தோல் உரிக்கிற அழகு மருந்து. மாசாமாசம் பெட்டியில வர்றது. தானே வாங்கினது. தடியாப் பூசி கையுறை போட்டுத் தூங்கினது. முன்கையில வச்சுப் பார்க்கல. சிரங்கு இல்ல. துணியால வரல."

பின்னாலிருந்து ஒருத்தி களுக் என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். அந்தச் சிரிப்பு ஒன்றே போதும், கந்தக நாற்றமே மேல் என்று ஆகிவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

திறந்திருந்த ஏழாம் அறையிலிருந்து டைப்பிஸ்ட் ஐயாவின் குரல் வந்தது. "அப்போ அழகு அவளுக்கு, நாத்தம் எங்களுக்கா?"

மேட்ரன் கத்தவில்லை. "நீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, பூசிய மருந்தை எல்லாருக்கும் கழுவிவிட வேண்டும் என்றாள், யார் கழுவுவது என்று சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. மறுநாள் டாக்டர் வந்து பார்த்து, தீக்காயம் மாதிரிதான், ஆறிவிடும் என்றார். அன்றைக்கே, எரிகிற கையில் கையுறை மாட்டிக்கொண்டு, சோப்பக்கா ஒவ்வொருவராகச் சக்கர நாற்காலியில் வைத்துக் குளிப்பாட்டினாள். சிலர் திட்டினார்கள். ஞாபக மறதி முற்றிய ஒரு பாட்டி, "நீ ரொம்ப நல்லவ" என்று கன்னத்தைத் தடவினாள். திட்டு வாங்குவது சுலபமாக இருந்தது.

துணி வெளியே போகவில்லை. ஆனால் லாண்டரிக்காரி அவளோடு பேசுவதை விட்டாள். எல்லாவற்றையும் சொன்ன அந்தச் சாயங்காலம் நடை காலியானபோது ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனாள்.

"பூசினது போகட்டும்டி. முட்டி வலின்னு சொன்னியே, நான் தூக்கினேனே."

அதோடு சரி. சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு கொதிகலனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே சோப்பக்கா விரிப்புக் கட்டுகளை மாடிக்குத் தூக்கினாள், கீழே கொண்டுவந்தாள். லாண்டரிக்காரி கட்டுகளை எண்ணி வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்கால நடையில் பெண்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். கடைசி அறை முடிந்ததும் யாராவது ஒருத்தி, "ஊழியர்?" என்பாள். சோப்பக்கா இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். காட்டினாள். புதுப்பெண்களை மோந்து பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள். மேட்ரன் கேட்டபோது, "நீங்களே பார்த்துக்கோங்கம்மா" என்றாள். பார்வையாளர் வருகிற நேரத்தில் நடை நாற்காலியில் உட்காருவதையும் விட்டாள்.

பெட்டியை நிறுத்த என்ன அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை, யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. அடுத்த மாதம் ஒரு காலை, எல்லாரும் பின்முற்றத்தில் மெத்தைகளை வெயிலில் போட்டுக்கொண்டிருக்கும்போது வண்டி வந்தது. லாண்டரிக்காரி பார்சலை வாங்கினாள். ஊதா நிறம். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"முட்டிப் பட்டை வந்திருக்கு! யாருக்கு முட்டி வலி? சீக்கிரம் வாங்கிக்கோங்கம்மா, ஊதாப் பட்டை!"

முற்றம் முழுக்கச் சிரித்தது. சோப்பக்கா மெத்தையைக் கீழே வைத்தாள். கன்னம் இரண்டும் சுட்டன, இந்த முறை மருந்தால் அல்ல. முற்றத்தைக் குறுக்கே கடந்து அத்தனை பேர் பார்க்க நடந்து வந்தாள், நொண்டாமல். கையை நீட்டினாள். லாண்டரிக்காரி பெட்டியின் மறுமுனையை விடவில்லை.

"பிரிப்பியா?"

"குப்பையில போடுறேன்."

"காசு குடுத்துட்டு எதுக்குக் குப்பை? பிரி. என் எதிர்லயே பிரி." குரலைத் தாழ்த்தினாள். "உள்ள கைக்குப் பூசுறது ஏதாவது இருக்கா பாரு. எரியாததா."

இருந்தது, ஒரு சின்னக் குழாய். சோப்பக்கா கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எறும்பெழுத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தாள். பிறகு மூடியைத் திறந்து, லாண்டரிக்காரியின் வெடித்த கையைப் பிடிக்கப் போனாள்.

லாண்டரிக்காரி கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"முதல்ல உன் முன்கையில ஒரு பொட்டு. நாளைக்கு வந்து காட்டு, அப்புறம் பார்க்கலாம்."

சோப்பக்கா முன்கையிலிருந்து முந்தானையை ஒதுக்கி, அவள் பார்க்க, உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள்.